விசிலுக்கு ஓடாத கால்கள்

போன வாரம் மாட்டுத்தாவணியில் சமயநல்லூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பக்கத்தில் என் மகள், கையில் பி.எட். புத்தகம். பின்னால் ஒரு கண்டக்டர் விசில் ஊதினார், பாருங்கள், ஐம்பது வயதுத் தொந்தியோடு அட்டென்ஷனில் விறைத்து நின்றுவிட்டேன்.

"ஏம்ப்பா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரித்துவிட்டு அவள் புத்தகத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள். சமூகம் ஓர் உடம்பு மாதிரியாம். யார் எந்த வேலைக்கு லாயக்கு என்று பிரித்து அனுப்புவது கல்வியின் பணியாம். என்னைப் பிரித்து அனுப்பிய கல்வி, கழுத்தில் விசில் தொங்கிய எங்கள் பி.டி. சார்தான்.

செல்லூர்ப் பள்ளிக்கூடம். பத்தாவது முடிந்து பிளஸ் ஒன் சேர்கிற நாள். எங்கும் பினாயில் வாடை. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எனக்கு நோய் ஞாபகம் வராது, அந்த நாள்தான் வரும். ஹெட்மாஸ்டரும் மைக்கில் இதே உடம்புக் கதையைத்தான் சொன்னார். "கை, காலு, கண்ணு எல்லாமே வேணும்ல? நாட்டுக்கும் அப்பிடித்தான்டா."

"மாப்ள, அதுல நான் எதுடா?" என்று சிநேகிதன் பஷீரிடம் கிசுகிசுத்தேன்.

"நீ குடலு. எப்பப் பாரு கலங்கிக்கிட்டே கெடக்க."

பி.டி. சார் முழங்கினார். "சயின்ஸுக்கு மார்க் உள்ளவன் லேப் வாசல்! காமர்ஸ் வேப்பமரம்! தொழிற்பிரிவு சைக்கிள் ஸ்டாண்டு! விசில் அடிச்சதும் ஓடணும். எங்க நிக்கிறியோ அதான் உன் குரூப்பு."

எனக்கு சயின்ஸ் மார்க் இருந்தது. தறிப்பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு நான் இன்ஜினியர் ஆகவேண்டும். விசில் அடித்தது. மைதானமே ஓடியது, என் இரண்டு கால்களைத் தவிர. நான் நின்றதோ வேப்பமரத்தடி.

"டேய், வாடா! எடம் போயிரும்டா!" லேப் வாசலிலிருந்து பஷீர் கத்தினான். காமர்ஸ் வாத்தியார் வந்து முதுகில் தட்டினார்.

"இம்புட்டு ஆர்வமா மொத ஆளா நிக்கிறியே, சபாஷ்டா!"

கேட்டுக்கு வெளியே நின்ற அப்பா பார்த்துவிட்டார். கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்தைக் கடந்து வந்தார். "பயப்படாத. நான் சார்ட்ட பேசுறேன்" என்றார். பி.டி. சார் திரும்பி, "என்ன வேணும்?" என்றார். அப்பா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைங்க சார். பயலப் பாத்துட்டுப் போகலாம்னு..."

கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பயம் எங்கள் பரம்பரைச் சொத்து, பத்திரப்பதிவே தேவைப்படவில்லை. நாட்டுக்கு இப்படியாக ஒரு கணக்குப்பிள்ளை கிடைத்தான்.

இப்போது குரூப்பை வீட்டில் உட்கார்ந்து செல்போனிலேயே பார்த்து எடுக்கிறார்கள். பெற்றோர் வாட்ஸப்பில் வாத்தியாரையே மடக்குகிறார்கள். நல்லதுதான், மடக்கட்டும். வேப்பமரம் இருந்த இடத்தில் கட்டடம் வந்துவிட்டது. அப்பாவும் இல்லை. அந்த வெயிலில், அம்மாம்பெரிய மைதானத்தில் போகவும் வரவும் அவருக்குக் கால் சுட்டிருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.