கன்னடத் தொகுதிகளுக்குப் பின்னால் ஒரு புத்தகம்

2008-ஆம் வருடம், ஓசூரில் நடந்தது இது. அப்போது நான் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கி, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் ஆள்தான். சனி, ஞாயிறுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓசூர் மையத்தில் முதுகலை வகுப்பு. பட்டம் கைக்கு வந்தால் நிரந்தரம் செய்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. தரக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியல். வேலை செய்கிற விஷயத்திலேயே இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊத்தங்கரைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் பள்ளியில் நூலகம் என்றால் தலைமை ஆசிரியர் அறையில் இருந்த ஒரு இரும்பு பீரோ. பத்தாவது முடிக்கிற வரை அது திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளே என்ன புத்தகம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த பீரோவை நினைத்தாலே பல்லைக் கடிப்பேன்.

அதனால் மையத்தின் இரண்டாவது மாடியில் இருந்த நூலகத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் எண் வரும். அந்த எண்ணைத் தேடிப் போனால் அலமாரியில் புத்தகம் நிற்கும். எனக்கு வேண்டிய புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. நம் சம்பளத்தில் வாங்குகிற விலையில் இல்லை. ஒரே ஒரு பிரதி. வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சேர்ந்த முதல் மாதமே ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"படிச்சிட்டு அதே எடத்துலயா வச்சிட்டு வந்த? நல்லா வெளங்கிடும். பொதைக்கணும் மச்சா, பொதைக்கணும்."

அதாவது, படித்து முடித்ததும் யாரும் போகாத அலமாரியில் ஒளித்து வைத்துவிட வேண்டும். நாளைக்கு வந்தால் நமக்குக் கிடைக்கும். ஒருத்தன் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் புதைப்பான், இன்னொருத்தன் பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில். எனக்கென்று ஒரு இடம் இருந்தது. கடைசி வரிசையில், ஜன்னல் ஓரம், யாரோ நன்கொடையாகக் கொடுத்த கன்னடக் கலைக்களஞ்சியத் தொகுதிகள். எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க ஒருவருக்கும் வராது. அவற்றை எவனும் தொட மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் அந்தத் தொகுதிகளுக்குப் பின்னால்தான் என் புத்தகம் இருந்தது. என் புத்தகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டு, வார நாட்களில் காலையில் போய் எடுப்பேன், கணக்குகளை நோட்டில் எழுதுவேன், பன்னிரண்டரைக்குப் புதைத்துவிட்டு ஓடுவேன். இது தப்பு என்று ஒரு நாள்கூட உறைத்ததில்லை. கம்பெனியிலும் அளவெடுக்க நல்ல வெர்னியர் கிடைத்தால் லாக்கரில் பூட்டி வைத்துக்கொள்கிறவர்கள்தானே நாங்கள்!

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, கையை உள்ளே விட்டால் வெறும் சுவர்.

தொகுதிகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். இல்லை. அன்று முழுக்கத் தேடினேன். மறுநாளும் தேடினேன். எனக்குத் தெரிந்த எல்லாப் புதைகுழிகளையும் தோண்டினேன். சட்டப் புத்தகங்கள், செய்தித்தாள் கட்டு, உடைந்த மின்விசிறிக்குப் பின்பக்கம். எவனோ ஒருத்தன் எடுத்துவிட்டான். எடுத்தவன் கையில் கிடைத்தால் அறைந்துவிடுகிற கோபம். ஊத்தங்கரை பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

நூலகத்தில் அடுக்குகிற, துடைக்கிற வேலையெல்லாம் பார்ப்பவர் ஒரு அக்கா. தெலுங்கு வீட்டுக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நேராக அவரிடம் போய்க் கத்தினேன்.

"என்னக்கா நூலகம் நடத்துறீங்க? இருக்கறது ஒரு புக்கு, அதையும் திருடிட்டுப் போயிட்டானுங்க. ரெண்டு நாளா தேடறேன். கேக்க ஆள் இல்லையா இங்க?"

அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டார். "எந்த புக்குப்பா? நம்பர் சொல்லு."

சொன்னேன். மனப்பாடமாகத் தெரியும். அவர் செருப்பில்லாத காலோடு மெதுவாக நடந்துபோய், மூன்றாவது அலமாரியில், இரண்டாவது தட்டில் இருந்து தலையணை கனத்தில் ஒன்றை உருவினார்.

"இதுதானே? இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குது. ரெண்டு நாளா நீ எங்க தேடுன?"

அதன் சொந்த இடத்தில் மட்டும் நான் தேடவே இல்லை. அது அங்கே இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

அக்கா என் முகத்தையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ... கன்னட புக்குங்க பின்னால வச்ச புண்ணியவான் நீதானா? ஜன்னல்ல மழத்தண்ணி உள்ள வந்திருச்சின்னு திங்கக்கெழம எல்லாத்தையும் எறக்கிக் காய வச்சேன். அப்பதான் இது ஆப்டுது." குரல் சட்டென்று மாறியது. "ரெண்டு நாள் முன்னால மழை பேஞ்சிருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு பாவம்."

"எந்தப் பொண்ணு?"

அக்கா வாசலில் நூல் கட்டித் தொங்கிய குறைகள் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

புரட்டினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே கையெழுத்து, சின்னச் சின்ன எழுத்தாக, கோடு போட்ட மாதிரி. என் புத்தகத்தின் எண், அதன் கீழே: "புத்தகம் அதன் இடத்தில் இல்லை." அடுத்த சனிக்கிழமை: "இன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பதாகக் காட்டுகிறது." அதற்கடுத்த வாரம்: "மின்நூல் அறையில் படிக்க அனுமதி வேண்டும்." மறுபடி "இல்லை". மறுபடி "இல்லை". மூன்று மாதம். கடைசியாகப் போன சனிக்கிழமை, இரண்டே சொல்: "இனி தேவையில்லை."

"போச்சம்பள்ளிக் கம்பெனில வேல அதுக்கு. உனக்கு அடுத்த பேட்ச்சு. ஷிப்ட்டு முடிச்சி கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி இங்க வரும். தூங்காத கண்ணோட வந்து என்கூட ஒவ்வொரு தட்டா தேடும்ப்பா. எனக்கு வெக்கமா இருக்கும்" என்றார் அக்கா.

நான் வகுப்பு நாட்களில் கூட்டத்துக்குப் பயந்து நூலகம் பக்கம் போவதில்லை. அதனால் அவரை நான் பார்த்ததே இல்லை.

சரி, புத்தகத்தைத்தான் நான் புதைத்தேன். மின்நூல் என்ன ஆனது? அந்த அறை எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே நான்கு கம்ப்யூட்டர். நான்குக்கும் துணி தைத்துப் போர்த்தியிருப்பார்கள். போர்வைக்கு மேலேயே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கும். கதவில் பூட்டு. புத்தகம் அதற்குள் இருந்திருக்கிறது, பல்கலைக்கழகம் வாங்கிப் போட்டிருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நூலகர் அறைக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"சார், இவங்க மூணு மாசமா கேட்டிருக்காங்க. மின்நூல் ஏன் சார் தரல?"

நூலகர் பதிவேட்டைத் தொடவில்லை. "ஷெல்ஃப்ல புக் இருந்தா ஈ-புக் தரக்கூடாது. அதான் ரூல்."

"ஷெல்ஃப்ல இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க?"

"சிஸ்டம் இருக்குதுன்னு சொல்லுது. யாரும் எடுத்துட்டுப் போகாத புக்கு, எப்படி இல்லாமப் போகும்?"

வீட்டுக்குத் தராத புத்தகம் என்றைக்கும் "இருக்கிறது" என்றுதான் காட்டும். அதனால் அதன் மின்நூல் என்றைக்கும் யாருக்கும் கிடைக்காது. இதை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

"இல்லாமத்தான் போச்சு சார். நான்தான் ஒளிச்சி வச்சேன். கன்னட புக்குங்களுக்குப் பின்னால. ஒரு தடவ, ஒரே தடவ, எழுந்து வந்து பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் அப்போதுதான் எழுந்தார். என் நூலக அட்டையைக் கேட்டு வாங்கி மேசை டிராயரில் போட்டார். "எக்ஸாம் முடியற வரைக்கும் உள்ள வரக்கூடாது. திருட்டுத்தனம் பண்ணிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா?"

"என்ன வெளிய போடுங்க சார், நான் பண்ணது தப்பு. அந்த ரூமு என்ன சார் தப்பு பண்ணிச்சு? அதத் தெறங்க. பூஜை போட்டு மூடி வைக்கத்தான் வாங்குனீங்களா?" என்று கத்தினேன். வாசிப்பு மேசைகளில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "சும்னிருப்பா. கத்துனா மட்டும் அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுமா?"

வாசலில் பதிவேட்டை மறுபடி தொங்கவிட்டார். நூலில் கட்டிய பேனாவை எடுத்து, அந்தப் பெண்ணின் கடைசி வரிக்குக் கீழே என் பதிவு எண்ணைப் போட்டு எழுதினேன்: "புத்தகத்தை மறைத்து வைத்தவன் நான். இப்போது அதன் இடத்தில் இருக்கிறது." மன்னிக்கவும் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். யாரும் படிக்க வராத இடத்தில் மன்னிப்புக் கேட்பது எனக்கே அசிங்கமாகப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை அவருடைய வகுப்பு வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. உடன் படித்தவர்களுக்கு, படிப்பை விட்டுவிட்டார் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேறு காரணம் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

இதில் என்னால் பொறுக்கவே முடியாதது இன்னொன்று இருக்கிறது. நான் தேறிவிட்டேன். அட்டை இல்லாவிட்டால் என்ன, மூன்று மாதம் தனியாக வைத்துப் படித்த புத்தகம், பாதிக்கு மேல் என் நோட்டில் இருந்தது. நல்ல மதிப்பெண். கம்பெனியில் நிரந்தரமும் ஆனேன். செய்தி கேட்டு அப்பா அத்தனை பேருக்கும் இனிப்பு கொடுத்தார். என் பங்கை நான் தொடவில்லை.

அந்த மின்நூல் அறையை நான் படித்து முடித்துக் கிளம்புகிற வரை திறக்கவில்லை. நூலகர் மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை, தணிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவரைத் திட்ட வாயெடுக்கும் போதெல்லாம் எங்கள் பள்ளியின் அந்த இரும்பு பீரோதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பூட்டி வைத்தவரைச் சின்ன வயது முழுக்கச் சபித்த நானே, கைக்கு ஒரு புத்தகம் கிடைத்ததும் முதல் வேலையாக அதைப் பூட்டத்தானே செய்தேன்.