கேட்டலிஸ்ட்டுக்குப் போட்ட அட்சதை

மீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில். உமி அடுப்புச் சூட்டில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு புரொபசர் வந்திருந்தார். ஹைட்ரஜனை ஒருவகை எண்ணெய்க்குள் அடக்கிக் கொண்டுவந்துவிடுவார்கள். அதைச் சூடாக்கி, பிளாட்டினம் பூசிய சின்ன உருண்டைகள் மேல் ஓடவிட்டால் ஹைட்ரஜன் பிரிந்து வரும். அந்த உருண்டைக்குப் பெயர் கேட்டலிஸ்ட். அதைப் போடும் கலன் நான் செய்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனால் பாபநாசத்திலிருந்து சீர்காழி வரை என் வெல்டிங் ஏறாத மில் பாய்லர் ஒன்றைக் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

“வெல்டிங்ல லீக் இருக்கும்,” என்றார் புரொபசர், கலன் பக்கம் வராமலே.

“என்ன மேஸ்திரி, ஊரைக் கூட்டி வச்சு மானத்த வாங்கிட்டீங்களே! இனிமே நம்ம பாய்லருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்,” என்றார் மில் முதலாளி. அவர் அப்பா காலத்திலிருந்து அந்த பாய்லர் என் பராமரிப்பில்தான்.

சோப்புத் தண்ணீர் அடித்தேன். லீக் இருந்தால் குமிழி கிளம்பும். ஒரு குமிழி இல்லை.

“தொறந்து பாத்துருவோம் சார். எல்லாரும் பக்கத்துல வந்து நில்லுங்க.”

ஆறவைத்து, நைட்ரஜன் விட்டு உள்ளிருந்த வாயுவைத் துரத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். தீய்ந்த சோற்று வாடை. புரொபசரின் ஆராய்ச்சி மாணவி இடுக்கியால் கருப்பாக எதையோ எடுத்தார்.

“சார், இது அரிசி.”

புது மெஷினில் முதல் லோடு போடும்போது உள்ளே அட்சதை தூவுவது எங்கள் மில்களில் வழக்கம். நெல் அரைக்கிற மெஷினுக்கு அரிசியால் என்ன கேடு? காலையில் நான் அடுப்படியில் பைப் மாட்டிக்கொண்டிருந்தபோது இங்கேயும் தூவியிருக்கிறார்கள்.

“நீங்கதானே சார் மொத கைப்பிடி போட்டீங்க?” என்றார் முதலாளி.

“நீங்க தட்டை நீட்டுனீங்க. நான் மாட்டேன்னா சொல்ல முடியும்?”

“கரி படிஞ்சு கேட்டலிஸ்ட்டையே மூடிடுச்சு சார்,” என்றார் மாணவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

புது உருண்டை போட்டதும் முள் எழுந்தது. புரொபசர் தன் ரிப்போர்ட்டில் ‘எதிர்பாராத கரிமப் பொருள் கலப்பு’ என்று எழுதினாராம். அட்சதைக்குப் படித்தவர்கள் வைத்த பெயர். முதலாளி மறுநாளே பாய்லர் டியூப் மாற்றக் கூப்பிட்டார். மானம் போன பேச்சே இல்லை.

தம்பிகளா, வெல்டிங்கைச் சுத்தமாகப் போடுங்கள். அது மட்டும் போதாது. குறை சொன்னவர்களைப் பக்கத்தில் நிறுத்தாமல் எந்த மூடியையும் திறக்காதீர்கள். அன்றைக்கு நான் தனியாகத் திறந்திருந்தால், அந்த அரிசி என் டிபன் பாக்ஸிலிருந்து விழுந்தது என்று சொல்லியிருப்பார்கள்.