மதுரையில் தைத்த பிளவுஸ்

சின்னாளபட்டியில் நான் தையல் கடை போட்டபோது, என் தம்பி நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொடுத்தான். டீக்கடையில் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள். பிளவுஸ் தைக்க அதைப் பார்த்து ஒருத்தரும் வரவில்லை.

தவறாமல் வந்தது ஒரு டீச்சரக்கா மட்டும்தான். ஒரு கல்யாணத்தில் சுங்குடிச் சேலைக்கு நான் தைத்த பிளவுஸைப் போட்டிருந்தார். கழுத்து அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் யார் தைத்தது என்று கேட்டாள். பின்வரிசையில் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"மதுரைல குடுத்தேன்" என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் துணியோடு கடைக்கு வந்தவரிடம் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, என் பேரைச் சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமா?"

"சொன்னா அம்புட்டுப் பேரும் இங்க வந்துருவாக. அப்புறம் என் துணியை நீ எப்பத் தைப்ப?"

அந்த வாரமே கல்யாணத்தில் கேட்ட பெண் வந்து நின்றாள். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டாளாம். அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கியவள், திரும்பிச் சொன்னாள்: "நான் இங்க தைக்கிறேன்னு யார்ட்டயும் சொல்லிராதீகக்கா."

அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள்.

இப்போது கடையில் நான்கு மெஷின் ஓடுகிறது. ஊருக்குள் யாரைக் கேட்டாலும் இன்னும் மதுரையில்தான் தைக்கிறார்கள்.