கம்பளத்துக்கு அடியில் ஓடிய வயர்

என் கணவர் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே தரையில் ஒரு வயர் குறுக்கே கிடந்தால் போதும், ஒரு பாடமே நடத்திவிடுவார். அந்தப் பாடங்களின் ஒத்திகையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், என் முன்னால்தான் நடக்கும்.

போன வருடம், சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்கென்று பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். ஆன் செய்தால் உள்ளே வண்ண விளக்குகள் சுழலும், விசிறிகள் இரையும். அதை ஜன்னலோரம் வைக்க ஆசைப்பட்டார். பிளக் பாயிண்டோ எதிர்ச் சுவரில். பழைய எக்ஸ்டென்ஷன் எட்டவில்லை. அதன் வாலில் இன்னொன்றைச் செருகி, மீந்த வயரைச் சுருட்டிக் கட்டி, கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"பாரு, ஒரு வயர்கூட கண்ணுல படல," என்றார் பெருமையாக.

எங்கள் பூனை அந்த இடத்தைவிட்டு நகருவதே இல்லை. அவர் வேலை செய்யும்போதெல்லாம் கம்பளத்தின் அந்த மூலையில்தான் சுருண்டு படுக்கும்.

"என்மேல எவ்வளவு பாசம் பாத்தியா," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளானில் இருக்கும் அவர் தங்கையின் கல்யாண வீடியோவை முடித்துக்கொண்டிருந்தார். தேநீருக்காக எழுந்துபோகச் சோம்பல். கெட்டிலைக் கொண்டுவந்து அதே எக்ஸ்டென்ஷனில் செருகினார். சற்று நேரத்தில் பூனை துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடியது. திரை அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை.

அவர் குனிந்து வயரைப் பிடிக்கப் போனார்.

"என்னங்க, தொடாதீங்க. மொதல்ல சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க," என்றேன்.

அணைத்துவிட்டுக் கம்பளத்தைப் புரட்டினோம். சுருட்டிய வயர் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இரண்டு எக்ஸ்டென்ஷனும் சேரும் இடம் பழுப்பேறிக் கிடந்தது. கம்பளத்தின் அடிப்பக்கம் கருகியிருந்தது. பூனைக்குப் பிடித்தது அந்தச் சூடுதான்.

"இதையே ஃபேக்டரில பாத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"வெளக்கம் கேட்டிருப்பேன்."

"சரி, சொல்லுங்க."

யோசித்தார். "பூன படுத்திருந்ததுல சூடு தெரியல லா."

"அப்போ பூன மேலதான் தப்பு."

சிரித்தார். ஆனால் கம்பளத்தின் கருகிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குடித்து முடித்ததும் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு கரண்ட் இழுக்கும் கம்ப்யூட்டரை நேராகச் சுவரில்தான் செருக வேண்டுமாம். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாவிட்டால் தடித்த வயருள்ள ஒன்றே ஒன்று போதுமாம். அதையும் சுருட்டாமல், மூடாமல் விட வேண்டுமாம். கெட்டில், அயர்ன் பக்கமே வரக்கூடாதாம். முதல்முறை கேட்பவள்போலத் தலையாட்டினேன்.

எதிர்ச் சுவர் பாயிண்டும் சூட்டில் கெட்டுவிட்டதால், காலியாக இருந்த ஒரே சுவர் பாயிண்ட் சமையலறை வாசலில். கம்ப்யூட்டர் இப்போது அங்கேதான் இருக்கிறது. தங்கையின் வீடியோவில் தாலி கட்டும் காட்சிக்கான வாழ்த்துரையையும் அங்கேயே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார்.

வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் தங்கை கிள்ளானிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, தாலி கட்டுற எடத்துல குக்கர் விசில் கேக்குதே?"

"கெட்டிமேளம்னு வச்சுக்கோ," என்றேன்.