சினலே அக்காவுக்குக் காது கேட்ட வாரம்

எங்கள் தீவின் ஆப்பியா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் சினலே அக்கா. அவருடைய பழைய டீசல் வண்டி உறுமத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது வெறும் உதட்டசைவுதான். புகையும் அப்படித்தான். மாலையில் அக்கா முகம் துடைத்த துண்டு அடுப்பங்கரைத் துணி மாதிரி இருக்கும்.

சுமை இறக்கும் எங்களுக்கு அந்த இரைச்சல்தான் தைரியம். அக்கா ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், அதைவிடப் பெரிய கோபம். நேரில் வாய் திறக்க மாட்டோம். வண்டி கிளம்பியதும் கிண்டலை ஆரம்பித்துவிடுவோம்.

துறைமுகத்தில் புகையைக் குறைப்பது என்று முடிவாகி, கிடங்குக் கூரை முழுக்க சூரியத் தகடுகள் பதித்தார்கள். பேட்டரியில் ஓடும் வண்டி ஒன்றும் வந்தது. மேலாளர் லூசி அதை முதலில் அக்காவிடம்தான் கொடுத்தார்.

"இதென்ன பொம்மை வண்டி? ஏதாவது குழந்தைக்குக் குடுங்க" என்றார் அக்கா.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கக்கா. பிடிக்கலேன்னா பழசையே எடுத்துக்குங்க."

திங்கட்கிழமை காலை மாவு மூட்டைகளோடு ஒரு கப்பல் வந்திருந்தது. அக்கா சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி திருகினார். வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. நான் பழக்கதோஷத்தில் சொன்னேன்:

"வண்டிக்கு மூச்சு வாங்குது பாருங்கடா. சரக்கால இல்ல, ஓட்டுறவங்களால!"

வண்டி நின்றது. அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"பெத்தேலோ, இதை எத்தனை வருஷமாச் சொல்ற?"

"அக்கா... இன்னிக்குத்தான்..."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"சரி. மீதி மூட்டையை நீயே இறக்கு. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்."

நாற்பது மூட்டை. என் முதுகு இன்னும் மறக்கவில்லை. மதியத்துக்குள் இன்னும் நாலு பேர் மாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மொத்தத் துறைமுகமும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது.

புதன்கிழமைதான் விஷயம். வாயிலருகே பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கிறவர் செமிசி. மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அக்கா அவரைக் கடந்தபோது, காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே எங்கள் ஊர் வணக்கத்தோடு முணுமுணுத்தார்:

"தலோஃபா, சினலே. இன்னிக்கும் அழகாத்தான் இருக்கீங்க."

பிரேக் விழுந்தது. பின்னால் வந்த லாரி அலறியது.

"என்ன சொன்னீங்க?"

செமிசியின் காதுமடல் சிவந்தது. "தினமும் சொல்றதுதான்."

"தினமுமா? எனக்குக் கேட்டதே இல்லையே!"

"கேக்காதுன்னுதான் சொன்னேன். ஒம்பது வருஷமா."

லாரிக்காரன் மறுபடி ஒலி எழுப்பினான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார், நிறுத்திவிட்டான்.

"நாளைக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை லூசி கேட்டார்: "பழைய வண்டிதான் வேணுமாக்கா?"

"அந்தச் சனியனைக் கடல்ல தள்ளுங்க."

"கடல்லயா! கடலைக் காப்பாத்தத்தானே இத்தனை பாடு?"

"அப்ப காயலான் கடைக்குப் போடுங்க."

எல்லாமே சுலபமாக நடந்துவிடவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் கப்பல் பாதி காலியான நிலையில் பேட்டரி தீர்ந்துவிட்டது; அக்கா திட்டிய திட்டில் கடற்பறவைகள் பறந்துபோயின. பிறகு மதியச் சாப்பாட்டு வேளையில் மின்னேற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். இப்போது அப்படிப்பட்ட வண்டிகள் ஐந்து. மற்ற நாலு ஓட்டுநர்களுக்கும் அவர்தான் பழக்கிவிட்டார். டீசல் புகையால் வந்த அவருடைய பழைய இருமலும் நின்றுவிட்டது. துறையில் நிற்கும் கப்பல்கள் மட்டும் இன்னும் புகைக்கின்றன. கரையிலிருந்தே அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கப்போவதாக லூசி சொல்கிறார். "எப்போ? எந்த மாசம்?" என்று அக்கா வாராவாரம் போய் நச்சரிக்கிறார்.

போன அக்டோபரில் அவருக்கும் செமிசிக்கும் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. சூடான கற்களில் பன்றி வேகவைத்தது நான். பாதி வெந்திருக்கவில்லை. மணப்பெண் அதை ஊர் முன்னால் உரக்கச் சொன்னார்.