ஆவணி முதல் நாளும் ஒரு வாளி வெந்நீரும்

காலை ஏழு ஐம்பது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. ஷோகேஸ் கண்ணாடியில் இரண்டடி உயர வெள்ளை எழுத்துக்கள்: ‘ஆடித் தள்ளுபடி’. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளிகூட அழியவில்லை.

பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். அன்று ஆவணி முதல் நாள். கல்யாண சீசன். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது அந்த எழுத்து இருந்தால், முழு விலையை யார் கொடுப்பார்கள்?

“பிளேடு போட்டுச் சுரண்டும் வே!” என்றார் முதலாளி. திருநெல்வேலிக்காரர்.

“கீறல் உழுந்தா கடேசி வரைக்கும் போவாது மொதலாளி. பெயிண்டர் இதுல வஜ்ஜிரம் கலந்துகீறான். சுடுதண்ணிக்குத்தான் இளகும்” என்றார் சிந்தாதிரிப்பேட்டை கோவிந்தன். கண்ணாடி துடைப்பதுதான் தொழில்.

தூறலில் கரையாமல் இருக்க, மரம் ஒட்டுகிற பசையைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார்கள்!

“சுடுதண்ணியா? வெடிச்சிரும்லா! எங்க வீட்டு விளக்குச் சிம்னி ஒரு சொட்டுத் தண்ணிக்கு ரெண்டாப் பொளந்துச்சு.”

“அது சூட்டுக் கண்ணாடி, பச்சத்தண்ணி. இது வேற.”

“வெடிச்சா இந்தத் தெருப்பக்கமே வரப்படாது. பாத்துக்கிடும்.”

பக்கத்து ஹோட்டல் பாய்லரிலிருந்து ஒரு வாளி வெந்நீர் வந்தது. கோவிந்தன் அதை ஊற்றவில்லை. முதலில் வெதுவெதுப்பான துணி. பிறகு அதைவிடச் சூடு. பிறகு ஆவி பறக்கும் கோணியை எழுத்தின்மேல் அப்பி ஐந்து நிமிஷம். எடுத்தார். ‘ஆ’ பாலாடை போல வழிந்து இறங்கியது. கண்ணாடி அப்படியே இருந்தது. முதலாளி மூச்சு விட்டார்.

எட்டே முக்காலுக்கு இரண்டு மயிலாப்பூர் மாமிகள் வந்து நின்றார்கள். பிள்ளைக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை வாங்க வேண்டும்.

“ஆடி நேத்தோட முடிஞ்சாச்சும்மா” என்று முந்திக்கொண்டார் முதலாளி.

“ஆடின்னு எங்கே போட்டிருக்கு? வெறும் தள்ளுபடின்னுதானே இருக்கு!”

திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். முதல் சொல் மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

“பின்னாலேர்ந்து அழிச்சிருக்கணும்லா, வே!”

“எளுதிக்கீற மாரிதானே நைனா அளிக்கணும்?”

எந்த வரிசையில் அழித்தால் மிச்சம் என்ன சொல்லும் என்று யார் யோசிக்கிறார்கள்?

மிச்ச எழுத்துகள்மேல் ஒரே சமயத்தில் கோணிகளை அப்பினார் கோவிந்தன். ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் கடைசி எழுத்தும் போயிற்று. முதலாளி கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, விரிசல் இல்லை. “நாளைக்கு நம்ம வடபழனிக் கடைக் கண்ணாடியையும் துடைச்சிரும்” என்றார் கோவிந்தனிடம்.

மாமிகள் விடவில்லை. “நாங்க வந்தப்போ இருந்துது. நாங்க பார்த்தோம்.”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “சரிம்மா. தள்ளுபடி தாரேன். ஆனா பில்லுல நேத்துத் தேதிதான் போட முடியும்.”

“முகூர்த்தப் புடவைக்கு ஆடித் தேதியா!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புடவை முழு விலைக்குப் போயிற்று.