கோப்பி என்று சொன்ன சொல்

அண்ணை எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். மற்றவர்கள் எழுதியவற்றை அச்சுக்குப் போகுமுன் வாசித்தேன். அண்ணை வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் அண்ணையைப் பிந்தி அறிந்தவர்கள், அவர்களில் பிழையில்லை. அண்ணை ஒரு பொய் சொன்னார். சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பொய்யையும், அதை அவர் திருப்பி எடுத்த நாளையும் எழுதாவிட்டால் நான் இந்த மலரில் எழுதுவதில் பயனில்லை.

அண்ணை உரும்பிராயில் பிறந்தார். அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டதால், படிப்பு முடிந்த கையோடு கொழும்புக்குப் போய் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞரானார். எண்பத்து மூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவர் இருந்த அறையை எரித்தார்கள். சிங்கள நண்பர் ஒருவரின் பின்னறையில் நான்கு நாள் ஒளித்திருந்து, கப்பலில் காங்கேசன்துறை வந்து சேர்ந்தார். அந்த நான்கு நாளைப் பற்றிக் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்டால், "அதை விடு. நீ சாப்பிட்டியே?" என்பார்.

அடுத்த வருடம் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு ஜெர்மனிக்கு வந்து அசூல் அடித்தார், அதாவது அகதித் தஞ்சம் கேட்டார். ஒரு வருடம் கழித்து நானும் அதே வழியால் வந்தேன். எங்களைப் போட்ட நகரத்தின் பாதி அமெரிக்கப் படைமுகாம். அகதிகள் இருந்த ஹைம் என்ற விடுதி, முகாமின் பின்மதிலுக்கு எதிரே இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. களவாக வேலை செய்து பிடிபட்டால் கேஸ் கெட்டுவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது ஹைமில் இருந்த எல்லோருக்கும் தேவாரம் போல மனப்பாடம். ஆனாலும் அண்ணை ஒரு டிஸ்கோவின் குசினியில் பின்னேரங்களில் களவாகக் கோப்பை கழுவினார். ஊரில் அம்மா தனியே இருந்தார், வேறு வழி இருக்கவில்லை. என்னுடைய கேசும் அண்ணையின் கேசோடு ஒரே கோவையில் கட்டியிருந்தது. அவர் விழுந்தால் நானும் விழுவேன்.

மதிலோரம் காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் நாங்களும் வருவோம், அமெரிக்கச் சிப்பாய்களும் வருவார்கள். நான் வந்து இரண்டாம் கிழமை. நாங்கள் பார்த்து வைத்த மெசினில் உயரமான ஒரு கறுப்பு மனிதர் தன் உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எப்போதும் வாய் முந்தும்.

"அண்ணை, உந்தக் காப்பிலி எங்கட மெசினைப் பிடிச்சிட்டான்!" என்று பலமாகச் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஆபிரிக்க நிறத்தவருக்கு அந்தச் சொல்தான். அதை வசைச்சொல் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, மரியாதைச் சொல் அல்ல என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் திரும்பினார். "உம்முடைய தங்கச்சி என்ன சொல்லுறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் பேசியதையெல்லாம் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், எனக்கு அவர் குரல் அப்படித்தான் கேட்கிறது.

மூலையில் கோப்பி மெசின் ஒன்று நின்றது. அண்ணை அதைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கோப்பி வேணுமோ எண்டு கேக்கிறா. எங்கட பாஷையில கோப்பியைக் காப்பிலி எண்டு சொல்லுறது."

இதுதான் அந்தப் பொய். அவர் பெரிதாகச் சிரித்து, தன் காசில் மூன்று கோப்பி எடுத்து வந்து தந்தார். பெயர் வால்ரர், தரம் சார்ஜன். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கோப்பியை நீட்டி, "காப்பிலி?" என்று கேட்பார். தமிழில் ஒரு சொல் படித்துவிட்ட பெருமை அவருக்கு. ஒவ்வொரு முறையும் நான் கோப்பியைப் பாதியில் வைத்துவிடுவேன். அண்ணை குனிந்து குடிப்பார். பிறகு வழியெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறென்று நடப்பார்.

அவர்கள் இருவரும் நண்பர்களானதற்குக் காரணம், இருவரும் தாங்கள் கண்டதைப் பேசாமல் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். வால்ரர் வியட்நாமில் சண்டை பிடித்தவர். ஒருநாள் இளம் சிப்பாய் ஒருவன், வெள்ளைக்காரன், கண்கள் மின்ன ஓடிவந்தான். முகாம் தியேட்டரில் வியட்நாம் சண்டைப்படம் பார்த்துவிட்டு வந்திருந்தான். "சார்ஜன், நீங்கள் அங்க நிண்டனீங்களாமே, சொல்லுங்கோவன்!" என்றான். வால்ரர், "உன்ர மெசின் நிண்டிட்டுது, உடுப்பை எடு" என்று மட்டும் சொன்னார்.

அவன் போனபின் அண்ணையிடம் சொன்னார். "நான் திரும்பிப் போன நேரம், சீருடையைக் கழட்டிப்போட்டு வீட்டை போ எண்டாங்கள். பஸ்ஸில பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. இவ்வளவு வருசமா ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப படம் வந்திட்டுது. படத்தில நாங்கள் வெண்டிட்டம். அதால எல்லாருக்கும் நான் வீரன்."

அண்ணை தலையாட்டினார். அதே படத்தின் கசெற் எங்கள் ஹைமிலும் ஓடியது. எங்கள் பெடியளும் விசிலடித்தார்கள். பிறகு அண்ணையைச் சுற்றியிருந்து, "ஆடியில எத்தினை பேரைக் கண்ணால கண்டனீங்கள்?" என்று கேட்டார்கள். அண்ணை எழும்பிப் போய்விட்டார்.

எண்பத்தாறில்தான் அது நடந்தது. அண்ணை வேலை செய்த டிஸ்கோவின் சுவரில் கறுப்புப் பாடகர் ஒருவரின் ஆளுயரப் படம் ஒட்டியிருந்தது. அங்கே போட்ட பாட்டுகளில் முக்கால்வாசி கறுப்புப் பாடகர்களுடைய பாட்டுகள். படம் உள்ளே இருக்கலாம், பாட்டு உள்ளே இருக்கலாம், ஆள் மட்டும் வரக்கூடாது. ஒரு சனி பின்னேரம், கதவு திறக்குமுன், முதலாளி வாசற்காரனிடம் சொன்னதைக் குசினிக் கதவடியில் நின்று அண்ணை கேட்டார். இன்றைக்குக் கறுப்பர்களை விடாதே, அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிடு என்று முதலாளி சொன்னார். ஆறு மணிக்கு வால்ரர் இரண்டு நண்பர்களோடு வந்தார். அங்கத்துவ அட்டை கேட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் அட்டையில்லாமல் உள்ளே போனார்கள். போனவர்களில் ஒருவன் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, வெளியே வந்து வால்ரருக்குப் பக்கத்தில் நின்றான். சண்டைப்படம் பார்த்துவிட்டு ஓடிவந்த அதே பெடியன்.

அடுத்த சனி வால்ரர் இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னார். அண்ணை அந்தக் குசினியில் நின்றது அவருக்குத் தெரியாது. "நான் முதல்முறை இந்த நாட்டுக்கு வந்த காலத்தில, எங்கட பெரிய ஒபிசரிட்டை முறையிட்டால், 'உனக்கு அங்க என்ன வேலை, உங்கட ஆக்கள் போற இடத்துக்குப் போ' எண்டு சொல்லுவார். என்னோட வந்த வெள்ளைக்காரர் ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கள். இப்ப முறைப்பாட்டுக்குப் படிவம் இருக்கு, விசாரிக்க ஒரு கப்டன் இருக்கிறா, திரும்பி வாறதுக்கு ஒரு பெடியனும் இருக்கிறான். ஆனா முதலாளி, அது அங்கத்தவருக்கான நாள் எண்டு சாதிக்கிறான். உள்ளுக்க நிண்டு கேட்ட சாட்சி இல்லை."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் அண்ணையின் கையைப் பிடித்து அழுத்தினேன். அண்ணை கையை இழுத்துக்கொண்டார்.

"நான் அங்கதான் கோப்பை கழுவுறன். நான் கேட்டனான்," என்றார்.

வால்ரர் அண்ணையின் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். பேசாமல் இரும்," என்றார்.

ஹைமுக்கு வந்து நான் கத்தினேன். "வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டாதேங்கோ! அவங்கட பிரச்சினை அவங்களோட. எங்களைத் திருப்பி அனுப்பினால் அந்தக் காப்பிலி வந்து மறிப்பானோ?"

"அப்பிடிச் சொல்லாதை."

"நீங்களும்தானே சொல்லுறனீங்கள்!"

"ஓம், நானும்தான் சொல்லுறனான்," என்றார் அண்ணை. அன்று சாப்பிடவில்லை.

சாட்சி சொல்ல வருகிறேன் என்று அண்ணை வால்ரரிடம் சொல்லிவிட்டார், விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. பதற்றத்தில் அண்ணை தான் சொல்லப்போவதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார். "இண்டைக்குக் காப்பிலியள் ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர்." அதை நான் திருத்தவில்லை. எனக்கு அது பிழையாகவே படவில்லை. எனக்கு எங்கள் கேஸ் விஷயமாக அரசாங்கத்தின் மஞ்சள் உறையில் கடிதம் வருமோ என்ற பயம் ஒன்றுதான்.

முகாமுக்குள் ஒரு சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் கப்டன், வெள்ளைக்காரப் பெண். சுவரோரம் வால்ரர். அண்ணையும் நானும் எதிரே இருந்தோம். அண்ணை பெயர், விலாசம், வேலை செய்த இடம், எல்லாம் சொன்னார். கப்டன் எழுதினா. பிறகு, "முதலாளி சொன்ன சொற்களை அப்படியே சொல்லுங்கோ," என்றா.

அண்ணை ஆங்கிலத்தில் தொடங்கினார். பாடமாக்கிய நாக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது. "இன்றைக்குக் காப்பிலி ஒருவரும் உள்ளே வரக்கூடாது..."

"என்ன சொல்?" கப்டன் நிமிர்ந்து பார்த்தா.

சுவரோரமிருந்து வால்ரர் உதவிக்கு வந்தார். "அது கோப்பி, மேடம். அவங்கட பாஷையில கோப்பி. வாய் தடுமாறிப்போச்சு." அண்ணையைப் பார்த்துத் தைரியமூட்டுவது போலச் சிரித்தார்.

ஓம், வாய் தடுமாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார்.

"அது கோப்பி இல்லை," என்றார். கப்டனைப் பார்க்காமல் வால்ரரைப் பார்த்துச் சொன்னார். "உங்கட நிறத்து ஆக்களுக்கு நாங்கள் சொல்லுற சொல். நல்ல சொல் இல்லை. முதலாளி தன்ர சொல்லிலதான் சொன்னவர். இந்தச் சொல் என்ரை. அண்டைக்குக் கோப்பி எண்டு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

கப்டன் பேனையை வைத்தா. இதை எழுதினால் முதலாளியின் வக்கீல், சாட்சியே இப்படிப் பேசுகிறவன் என்று சொல்லுவான், எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டா.

"எழுதுங்கோ. அதுக்குப் பிறகு அவர் சொன்னதையும் எழுதுங்கோ. ரெண்டும் உண்மை," என்றார் அண்ணை.

வால்ரர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவை மெல்லத்தான் சாத்தினார்.

அண்ணை முழுவதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சில கிழமைகளில் அந்த டிஸ்கோவுக்குச் சிப்பாய்கள் எவரும் போகக்கூடாது என்று முகாம் உத்தரவு போட்டது. வெள்ளைச் சிப்பாய்களும் போகவில்லை, வியாபாரம் படுத்தது. அதன்பின் முதலாளிக்கு அங்கத்துவ அட்டை தேவைப்படவில்லை, கதவு எல்லோருக்கும் திறந்தது. அண்ணைக்கு வேலை போனது. முதலாளி சும்மா இருக்கவில்லை, அண்ணையைக் காட்டிக்கொடுத்தார், மஞ்சள் உறையும் வந்தது. வெளிநாட்டவர் கந்தோர் அதிகாரிகள் அண்ணையை மூன்றுமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கேஸ் இழுபட்டது. ஒவ்வொரு காலையும் தபால்காரனின் சைக்கிள் சத்தத்துக்கு நான் வாசலுக்கு ஓடுவேன். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டதென்று அண்ணையை எத்தனை தரம் ஏசினேன் என்று கணக்கில்லை.

மூன்று சனிக்கிழமை வால்ரர் வரவில்லை. தோய்க்க உடுப்பில்லாத நாளிலும் அண்ணை போய் இருந்தார். நான்காம் சனி வால்ரர் வந்து, அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்ர நாட்டில எனக்கு இதைவிடக் கெட்ட சொல்லெல்லாம் சொல்லியிருக்கிறாங்கள்," என்றார். "அதை என்ர வாயாலயே சொல்ல வைச்சவர் நீர் ஒருத்தர்தான்."

"ஓம்," என்றார் அண்ணை.

"சொன்ன சொல் தன்ரை எண்டு எழும்பி நிண்டவரும் நீர் ஒருத்தர்தான்." கோப்பி மெசின் பக்கம் பார்த்தார். "கோப்பிக்கு உண்மையில என்ன சொல்?"

"கோப்பிதான்."

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். முதலில் சொன்னது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் முந்தும் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

அந்தக் கந்தோருக்கு வால்ரரும் கப்டனும் எங்களுக்காகக் கடிதம் எழுதினார்கள். எண்பத்தொன்பதில் எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது. அதே வருடம் வால்ரர் அமெரிக்காவுக்குத் திரும்பினார், சில காலம் கடிதம் போட்டார், பிறகு நின்றுவிட்டது. அண்ணை ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தார். அண்ணியைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார். ஹைமில் பழகியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்காத ஞாயிறு அவருக்கு இருந்ததில்லை. தன் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல விடமாட்டார். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும்.

கடைசி மாதம், ஆஸ்பத்திரியில் அண்ணையின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அண்டைக்கு அந்தச் சொல்லைச் சொன்னது நான்தானே. ஏன் உங்கட சொல் எண்டு சொன்னனீங்கள்?"

அண்ணை களைத்திருந்தார். "நீ சொன்னாய். நான் அதைக் கோப்பி எண்டன். ஆரின்ர பிழை பெரிசு?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சாப்பிட்டியே?" என்றார்.

நோயில் இரவு பகல் பாராமல் அண்ணையைப் பார்த்த தாதிமாருக்கும், வீடு தேடி வந்து உணவு தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், தூர நாடுகளிலிருந்து அழைத்து எங்களோடு சேர்ந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. மூன்று வருடம் நான் ஏசிய ஏச்சுக்கெல்லாம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் பிந்திவிட்டது. வால்ரரிடம் கேட்க இன்னும் பிந்தவில்லை என்று நம்புகிறேன். அவருடைய கடைசிக் கடிதத்தில் இருந்த விலாசத்துக்கு இந்தக் கட்டுரையை அனுப்பப் போகிறேன். என் மகள் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறாள். அந்த ஒரு சொல் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். அதை நான் என் கையால் எழுதி, முதலில் சொன்னது நான் என்றும் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போடுவேன்.